நகல் காக்கும் கம்ப்யூட்டர்

காலடிப்பேட்டையில் இன்று கம்ப்யூட்டர் இல்லாத தொழில் எது? லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறது. இரும்புக் கடையில் இருக்கிறது. வரவு, செலவு, கடன் பாக்கி எல்லாம் அதற்குள்தான். ஒருநாள் அது படுத்துவிட்டால்?

அதற்காகத்தான் இன்னொரு கம்ப்யூட்டரில் நகல் வைக்கிறார்கள். அதற்கு 'பேக்கப் சர்வர்' என்று பெயர். அதில் எந்த 'ஆபரேட்டிங் சிஸ்டம்' போடுவது? கம்ப்யூட்டரை நடத்துகிற மூல மென்பொருள் அது. விண்டோசா? லினக்சா?

"ஆபீசில் இருப்பதையே போடு, பழகியது" என்பார்கள் பலர். அது சரியல்ல என்பது நமது கருத்து.

மேர்ஸ்க் கம்பெனியின் கதையைக் கேளுங்கள். அந்தப் பெயர் எழுதிய கன்டெய்னர்களை நம் பிள்ளைகள்கூடப் பார்த்திருப்பார்கள். 2017 ஜூன் 27-ந் தேதி 'நாட்பெட்யா' என்ற வைரஸ் அதன் கம்ப்யூட்டர்களில் புகுந்தது. நவி மும்பைத் துறைமுகத்தில்கூட அந்தக் குழுமத்தின் முனையம் தடைபட்டது. 45 ஆயிரம் கம்ப்யூட்டர்களையும் 4 ஆயிரம் சர்வர்களையும் புதிதாக அமைக்க நேர்ந்தது.

நகல் இல்லையா? இருந்தது! யார் யாரை உள்ளே விடலாம் என்ற முக்கியப் பதிவேடு பல ஊர்களில், பல சர்வர்களில் இருந்தது. ஆனால் எல்லாம் விண்டோஸ். எல்லாம் ஒன்றோடு ஒன்று இணைந்தவை. எல்லாம் அழிந்தன. ஒன்று மட்டும் தப்பியது. அது ஆப்பிரிக்காவில், கானா நாட்டில் இருந்தது. தப்பியது எப்படி? அப்போது அங்கே கரண்ட் கட்! (நாம் கரண்ட் போனால் திட்டுகிறோம்.)

நாட்பெட்யா தாக்கியது விண்டோசை மட்டும்தான். ஆகவே ஆபீசில் விண்டோஸ் என்றால், நகல் லினக்சில் இருக்கட்டும். லினக்சுக்கும் வைரஸ் உண்டு. ஆனால் ஒரே சாவி இரண்டு பூட்டையும் திறப்பது அரிது.

செலவு? டெபியன், உபுண்டு இரண்டும் இலவசம். சென்னையில் அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்சும் இலவசம். 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. அப்படி ஓரங்கட்டிய பழைய பெட்டியே இதற்குப் போதும். புது டிஸ்க் மட்டும் வாங்குங்கள்.

"டேலி லினக்சில் ஓடாதே?" என்று கேட்கலாம். ஓட வேண்டியதில்லை. கணக்குக் கோப்பைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

ஒன்று முக்கியம். காவல் கம்ப்யூட்டர்தான் ஆபீஸ் கம்ப்யூட்டரிடம் போய் நகல் எடுத்துவர வேண்டும். அதன் பாஸ்வேர்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கவே கூடாது.

லினக்ஸ் தெரிந்த ஆள் யாரும் இல்லையா? அப்படியானால் விண்டோசே இருக்கட்டும். ஆனால் வாரம் ஒருமுறை தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, கழற்றி, வீட்டுப் பீரோவில் வையுங்கள்.

எந்த முறையானாலும், மாதம் ஒருநாள் நகலிலிருந்து ஒரு பழைய பில்லைத் திறந்து பாருங்கள். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர்ப் பக்கம் வீட்டுக்குள் எண்ணெயும் தண்ணீருமாகப் புகுந்ததே!