லேசான ஆளாப் பாத்து இறக்கிறது

வயசேறின ஹெவிவெயிட் வீரர் ஒருத்தர் ரெண்டுதரம் தோத்தால் உடனே ஆலோசனை வரும்: "லேசான ஆளாப் பாத்துப் பிடியுங்கோ, நம்பிக்கை திரும்பட்டும்." அக்கறை மாதிரித்தான் கேக்கும். ஆனால் அது டிக்கெட் விக்கிறவையின்ர கணக்கு.

மைக் ரைசனை எடுங்கோ. 2002 யூனில் லெனொக்ஸ் லூயிஸ் அவரை எட்டாவது சுற்றில் விழுத்தினார். அடுத்து இறக்கினது கிளிபர்ட் எட்டியனை. முன்னமே ஒரு சண்டையில பலதரம் விழுந்து தோத்த மனுசன். 49 செக்கனில் எல்லாம் முடிஞ்சுது. 36 வயசுக்காரருக்கு மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும், அடி விழுந்தால் கால் நிக்குமோ எண்டு 49 செக்கனில் என்னத்தைக் காணுறது? 'ரைசன் திரும்பி வந்திட்டார்' எண்டு விக்க மட்டும் அது தாராளம். அதே வருசம் மனுசன் வங்குரோத்து வேற.

2004இல் டனி வில்லியம்ஸ் நாலாவது சுற்றில் அவரைப் படுக்கவைச்சார். 2005இல் கெவின் மக்பிரைட். அவரையும் லேசான ஆள் எண்டுதான் எல்லாரும் நினைச்சவை. ஆறாவது சுற்றோட ரைசன் போதும் எண்டு விட்டிட்டார்.

எதிராளியைத் தேட முதல் இவரைப் பயிற்சியில நல்ல இளம் பெடியன் ஒருத்தனோட பத்துச் சுற்று நிக்க வைச்சுப் பாருங்கோ. நிக்கேலாட்டி, எந்த எதிராளியும் வேண்டாம்.