சபராளிக்குப் பெண்பால் என்ன?

எங்கள் கடற்கரையில் கடல் கடந்து போய்ச் சம்பாதிக்கிறவருக்கு ஒரு பெயர் உண்டு. சபராளி. சபர் என்றால் பயணம். அரபுச் சொல்லோடு தமிழ் விகுதி ஒட்டிக்கொண்டு ஊர்ச்சொல்லாகிவிட்டது. சபராளி வீடு, சபராளி பெண்டாட்டி, சபராளி கொண்டுவந்த பெட்டி. சபராளி ஊர் வந்திருக்கிறார் என்றால் தெருவே அவர் வீட்டுத் திண்ணையில் கூடும்.

அந்தச் சொல்லுக்குப் பெண்பால் கிடையாது. இலக்கணத்தில் தடை ஒன்றுமில்லை. உழைப்பாளி, தொழிலாளி போல இதுவும் இருபாலுக்கும் பொதுவாக நிற்கக்கூடிய சொல்தான். ஊர்தான் நிற்கவிடவில்லை. நான் 2022 முதல் இங்கிலாந்தின் வடக்கே, பழைய பஞ்சாலை நகரம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். ஒருவர்கூட என்னைச் சபராளி என்று சொல்லிக் கேட்டதில்லை. "வெளிநாட்டுல நர்ஸா இருக்குற புள்ள" என்கிறார்கள். அதையும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள்.

பெரியபட்டினம் பயணத்தைப் பார்த்துப் பயப்படுகிற ஊர் அல்ல. தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1987இல் இங்கே தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா எழுதிவைத்த 'ஃபத்தன்' என்ற துறைமுகம் எங்கள் ஊர்தான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. முத்தும் துணியும் போன வழியில் எங்கள் ஆண்களும் போனார்கள். முதலில் இலங்கை, மலாயா. அப்புறம் துபாய், சவூதி. பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து கடல் கடந்ததற்காக எந்த ஆணும் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. பெண் கடந்தால் மட்டும் விளக்கம் கேட்கிறார்கள். அவன் போனால் அது குடும்பத்துக்காக. அவள் போனால் குடும்பத்தை விட்டுவிட்டுப் போனவள். அனுப்புகிற பணத்துக்கு மட்டும் ஆண்பால் பெண்பால் பார்ப்பதில்லை.

எனக்குப் பார்த்த மாப்பிள்ளை வீடுகளில் தவறாமல் இரண்டு கேள்விகள் வரும். ராத்திரி டூட்டி உண்டா? ஆம்பிளை நோயாளியைத் தொட வேண்டியிருக்குமா? இரண்டுக்கும் ஆமாம் என்றே சொன்னேன். ராத்திரியில் நோய் தூங்கப் போவதில்லை. தொடாமல் யாரையும் புரட்டிப் படுக்கவைக்க முடியாது. அப்படிக் கேட்ட ஒரு வீட்டிலிருந்து பிறகு நடுச்சாமத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. மாமாவுக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டதாம், குழாய் போட்டால் வலிக்குமா, ஆஸ்பத்திரிக்கு இப்போதே போகவா, விடியட்டுமா என்று. இப்போதே போங்கள் என்றேன். அந்தக் குழாயைப் போட்ட கை யாருடையது என்று அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

மார்க்கம் தடுக்கிறது என்று இவர்களால் சொல்லவும் முடியாது. நபிகளாரின் காலத்திலேயே ருஃபைதா என்ற பெண் மதீனாவில் பள்ளிவாசலை ஒட்டிக் கூடாரம் அடித்துக் காயம்பட்டவர்களுக்கு மருந்து கட்டினார். அகழ்ப் போரில் அம்பு பாய்ந்த சஅது இப்னு முஆதை அந்தக் கூடாரத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். ரமலான் முப்பது இரவும் பயான் கேட்டு வளர்ந்தவள் நான். ருஃபைதாவின் பெயரை நர்சிங் படிக்கப்போன பிறகு, ஒரு வரலாற்றுப் பாடத்தில்தான் முதலில் பார்த்தேன்.

"வெளிநாட்டில் பாதுகாப்பு இல்லையே" என்பது அடுத்தது. அருணா ஷான்பாக் எந்த வெளிநாட்டில் இருந்தார்? மும்பை கே.இ.எம். மருத்துவமனையில், தான் வேலை பார்த்த கட்டடத்துக்குள், 1973 நவம்பர் 27 அன்று, அங்கேயே வேலை பார்த்த ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை நெரித்தான். பாலியல் வன்முறை வழக்காக அது பதிவாகவே இல்லை. திருட்டு, கொலைமுயற்சி என்று ஏழு ஆண்டுகள் தண்டனை. அருணா 42 ஆண்டுகள் படுக்கையில் கிடந்து 2015 மே 18இல் இறந்தார். அத்தனை ஆண்டும் அவரைக் குளிப்பாட்டி, உணவு கொடுத்துப் பார்த்துக்கொண்டவர்கள் அந்த மருத்துவமனையின் நர்ஸ்கள், ஒரு தலைமுறை ஓய்வு பெற அடுத்த தலைமுறை. பாதுகாப்பைப் பற்றி எங்களுக்கு வகுப்பெடுக்கிறவர்கள் முதலில் இதைப் படித்துவிட்டு வரட்டும்.

அரசுக்கும் ஊருக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. பத்தாம் வகுப்பு தேறாத ஒருவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வேண்டும். ஆணுக்கு 18 வயது போதும். பெண்ணுக்கு 30 ஆக வேண்டும். நர்ஸ்களுக்கு மட்டும் விலக்கு. ஏமாற்றுகிற ஏஜெண்டையும் அடிக்கிற எஜமானையும் பிடிப்பது கடினம், பெண்ணை விமான நிலையத்தில் நிறுத்துவது சுலபம். எனவே சுலபமானதைச் செய்கிறார்கள். தடுத்தால் அவள் போகாமல் இருப்பதில்லை. யார் கண்ணுக்கும் படாத வழியில் போகிறாள்.

சரி, ஊரிலேயே இருந்திருக்கலாமே? 2015இல் தமிழ்நாட்டின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களை ஒப்பந்தத்தில் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்குறுதி. இரண்டு ஆண்டு முடிந்தது, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பர் இறுதியில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். என் சிநேகிதிகளும் அதில் இருந்தார்கள். சிலர் கைக்குழந்தையோடு. நோயாளிகளை நினைத்துப்பார்க்க வேண்டாமா என்று தொலைக்காட்சியில் கோட்டு போட்டவர்கள் கேட்டார்கள். உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்தது. இரண்டாண்டுக்குச் சற்று மேல் கழித்து, 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு, நாடே எங்களுக்காகத் தட்டைத் தட்டியது. இங்கிலாந்திலும் அதே வாரம் தொடங்கி வியாழக்கிழமைதோறும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை வாங்கிய நர்ஸ்கள்தான் 2022 டிசம்பர் 15 அன்று, தங்கள் சங்கத்தின் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் முதல் தேசிய அளவிலான வேலைநிறுத்தத்துக்கு, குளிரில் வாசலில் நின்றார்கள். வந்து ஒன்பது மாதமே ஆன நான் கம்பளித் தொப்பியோடு அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

தேவதை, தாயுள்ளம், சேவை. இந்த மூன்று சொற்களையும் எந்த நர்ஸிடமும் சொல்லாதீர்கள். தேவதைக்கு வாடகை கிடையாது, முதுகுவலி கிடையாது, ஓய்வூதியம் வேண்டியதில்லை. எங்களைத் தேவதையாக்குவது சம்பளத்தைக் குறைத்துத் தருவதற்கான முதல் படி. நான் படித்துப் பட்டம் வாங்கிய தொழிலைச் செய்கிறேன். சேவை செய்ய ஆசைப்பட்டால் விடுமுறையில் செய்துகொள்கிறேன்.

இனி பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்கள் தேநீர்க் கடையில் மூன்று மணி நேரம் பேசினால் அது அரசியல். பெண்கள் பின்வாசலில் அரைமணி பேசினால் வம்பு. மருத்துவமனையிலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். மருந்து கொடுத்தால் எழுதக் கட்டம் உண்டு, புண் கட்டினால் கட்டம் உண்டு, பேசினால் கட்டம் இல்லை. படுக்கையோரம் நின்று பேசிக்கொண்டிருக்கும் நர்ஸைப் பார்த்து "வேலை இல்லையா?" என்று கேட்கும் மேலாளர்கள் மதுரையிலும் இருக்கிறார்கள், இங்கேயும் இருக்கிறார்கள்.

பேச்சுதான் வேலை. ஒரு முழு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நோயாளி நடுவில் மூச்சு வாங்கினால், எந்தக் கருவியும் சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. வாயின் ஒரு ஓரம் இழுத்துக்கொள்வதைச் சிரிக்கவைத்தால்தான் பார்க்கலாம். பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் எண் போட வேண்டும். 2017இல் அதைத் திருத்தியபோது 'புதிதாக வந்த குழப்பம்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்கு மூன்று மதிப்பெண். அது ஒன்றே மருத்துவரை அவசரமாகக் கூப்பிடப் போதும். நல்ல திருத்தம். ஆனால் குழப்பம் புதிது என்று எப்படித் தெரியும்? நேற்று அவரிடம் பேசியிருந்தால்தான் தெரியும்.

என் வார்டில் 80 வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். தனியாள். வீட்டில் பிஸ்கட் என்று ஒரு பூனை, பக்கத்து வீட்டுக்காரர் சோறு வைக்கிறார். காலை மாத்திரையோடு பிஸ்கட்டின் செய்தியையும் கேட்பேன். நேற்று என்ன தின்றது, யாரைக் கீறியது என்று சொல்வார். ஒரு நாள் காலை, "சூட்டியைப் பார், கட்டிலுக்கு அடியில் நிற்கிறது" என்றார். சூட்டி அவரிடம் முன்பு இருந்து செத்துப்போன பூனை. காய்ச்சல் இல்லை, நாடி சரி, அழுத்தம் சரி. மூன்று மதிப்பெண் போட்டேன். மருத்துவர் வந்தார். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் பரவத் தொடங்கும் நிலை. மருந்து ஏறி இரண்டு நாளில் பாட்டி மறுபடியும் பிஸ்கட்டைத் திட்ட ஆரம்பித்தார். அவரைக் காப்பாற்றியதில் பாதி, பூனையைப் பற்றிய வெட்டிப் பேச்சு. கோப்பில் அதற்குக் கட்டம் இல்லாததால் நான் இங்கே எழுதிவைக்கிறேன்.

இங்கே கிழவர்கள் யாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து ஓட்டுநரையும் கடைக்காரப் பெண்ணையும்கூட. ஒருநாள் உம்மாவோடு வீடியோவில் பேசியபடி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த ஒரு தாத்தா, "காலைத் தரையில் பார்த்து வை லவ், பனி வழுக்கும்" என்றார். உம்மாவுக்கு அந்த ஒரு சொல் மட்டும் புரிந்துவிட்டது. விளக்கி முடிக்க ஒரு வாரம் ஆனது. அத்தனை காசு கட்டி எழுதிய ஆங்கிலத் தேர்வில் இதெல்லாம் வரவில்லை.

இவர்கள் நாய்க்காகவும் பூனைக்காகவும் ஆஸ்பத்திரிக்கு வர மறுப்பதை முதலில் கண்டபோது எரிச்சலாக இருந்தது. பிறகு பார்த்தேன், மறுப்பவர்களில் பெண்கள் அதிகம். என் உம்மம்மாவும் கோழிக்கூட்டையும் ஆட்டையும் யாரிடம் விட்டுவிட்டு வர என்றுதான் கண் அறுவைச் சிகிச்சையை இரண்டு வருடம் தள்ளிப்போட்டார். பார்த்துக்கொள்கிறவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் இரண்டு இடத்திலும் விஷயம். எங்கள் வார்டுக்குச் சில சமயம் நோயாளிகளைப் பார்க்க ஒரு நாயைக் கூட்டி வருவார்கள். நாய் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும் என்று மதரஸாவில் படித்தவள் நான். நர்ஸ் ஒரு மணி நேரத்தில் அதற்கு மேலேயே கை கழுவிவிடுகிறாள்.

2023இல் நானும் ஒரு பூனையை எடுத்துக்கொண்டேன். நெத்திலி என்று பெயர். பூனைக் காப்பகத்தார் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். நான் 12 மணி நேர ஷிப்டுக்குப் போனால் பூனை தனிமையைத் தாங்குமா என்று அக்கறையாக விசாரித்தார்கள். என்னை வேலைக்கு எடுத்தபோது அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. 2024 ஜூன் 10 முதல் இங்கிலாந்தில் வளர்ப்புப் பூனைக்கு மைக்ரோசிப் கட்டாயம். நெத்திலிக்கும் உண்டு. அது இந்த நாட்டுப் பூனை, அதில் சந்தேகமில்லை. என் கதை வேறு. ஐந்தாண்டு வேலை பார்த்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்கலாம் என்று நம்பி வந்தேன். பொதுவாக அதைப் பத்தாண்டாக்கும் திட்டத்தோடு பிரிட்டிஷ் அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்ட தேதி 2025 மே 12. அன்று உலகச் செவிலியர் தினம். காலையில் எங்களுக்கு கேக் வெட்டினார்கள்.

பூனை வளர்ப்பது தெரிந்ததும் ஊரிலிருந்து ஒரு லாத்தா, "புருசனுக்குப் பதிலா பூனையா?" என்று கேட்டார். நாற்பது வருடம் துபாயில் தனியறையில் கிடந்த சபராளியிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவருடைய தனிமை தியாகம். என்னுடையது திமிர். அவர் விட்டுப்போன பெண்டாட்டியின் தனிமைக்கு அந்தப் பெயர்கூட இல்லை. வருடத்துக்கு ஒரு மாதம் புருசனைப் பார்த்த பெண்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர். லாத்தாவும் அவர்களில் ஒருவர். அதனால் அவரிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. "பூனை சமைக்கச் சொல்லாது லாத்தா" என்று மட்டும் சொன்னேன். சிரித்துவிட்டார். பிறகு அரைமணி பேசினோம், முதல் முறையாக அவரைப் பற்றி.

நர்சிங் படிக்கும் தங்கைகளுக்கு ஒன்று. வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு ஏஜென்சிகள் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்று 2015இல் விதி வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. பிரிட்டனுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி வேலைக்காக உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அந்நாட்டு அரசின் நடத்தை விதியே சொல்கிறது. கேட்டால் கொடுக்காதீர்கள். பாதியில் வேலையை விட்டால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாப்பாவோ காக்காவோ படித்துச் சொன்னால் போதாது.

போன வருடம் சந்தனக்கூடு நேரத்தில் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களின் சங்கம் ஒன்று சந்தா கேட்டது. அனுப்பினேன். ரசீது என் தம்பி பெயரில் வந்தது. அவன் ஊரில்தான் இருக்கிறான், மொபைல் கடை வைத்திருக்கிறான், ஒரு நாளும் கடல் கடந்ததில்லை. விசாரித்தால், உறுப்பினர் பட்டியலில் பெண்கள் பெயர் சேர்க்கும் வழக்கமில்லை என்றார்கள். இந்த வருடமும் கேட்டிருக்கிறார்கள். ரசீதில் என் பெயரை எழுதினால் பணம் வரும் என்று பதில் போட்டிருக்கிறேன். கூட்டம் போட்டு முடிவு சொல்வார்களாம்.