காங்கேயம்: மாத்திரை வீட்டுக்கு வருது... நர்ஸ் வர்றாங்களா?

தேங்காய்க் களம், அரிசி ஆலை என நாள் கூலிக்குப் போகும் காங்கேயத்தில், ஆஸ்பத்திரி மாத்திரை இலவசம்தான். ஆனால் வாங்கப் போனால் அன்றைய கூலி போச்சு. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதை மாற்றியது. சுகர், பிரஷர் மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டிலேயே தருகிறார்கள். 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது.

சிக்கல் எங்கே?

படுத்த படுக்கையாகிவிட்டால் மாத்திரை மட்டும் போதாது. புண்ணுக்குக் கட்டு மாத்தணும், யூரின் டியூப் பார்க்கணும், படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடணும். இதற்குத் திட்டத்தில் இருப்பது வட்டாரத்துக்கு ஒரு நர்ஸ். ஒரு வட்டாரத்தில் எத்தனை ஊராட்சிகள்!

அவர் வராத நாளெல்லாம் அந்த வேலை யாருக்கு?

மகளுக்கு, இல்லன்னா மருமகளுக்கு. பயிற்சியும் கிடையாது, போன கூலியும் திரும்பாது. அடுத்து பெருக வேண்டியது மாத்திரை அல்ல, நர்ஸ்கள்.