படிக்கும்போதே வேலை, மாதம் 9,000 ரூபாய்: இது பயிற்சியா, மலிவான ஆள்பலமா?

மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள். பழைய வீடுகளின் மாடியில் ஆடிட்டர் போர்டுகள் தொங்கும். உள்ளே 20, 21 வயதுப் பசங்களும் பொண்ணுங்களும் லேப்டாப்பும் வவுச்சர் கட்டுமாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் பலர் காலையிலோ மாலையிலோ பி.காம். வகுப்புக்கும் போகிறவர்கள். சி.ஏ. படிப்பில் இதற்கு ஆர்ட்டிக்கிள்ஷிப் என்று பெயர். அதாவது, படித்துக்கொண்டே வேலை பார்ப்பது தென் சென்னைக்குப் புதுசு இல்லை.

இப்போது புதுசாகப் பேசப்படுவது வேறு. சாதாரண பி.ஏ., பி.எஸ்சி., பி.காம்., பி.பி.ஏ. மாணவருக்கும் இதே ஏற்பாட்டை டிகிரிக்கு உள்ளேயே கொண்டுவருவது. அப்ரண்டிஸ்ஷிப் இணைந்த பட்டப்படிப்பு, சுருக்கமாக ஏ.இ.டி.பி. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) இதற்கு 2020-ல் முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது, 2025-ல் அதைப் புதுப்பித்தது. மூன்று வருட டிகிரியில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர் வரை, நான்கு வருட டிகிரியில் இரண்டு முதல் நான்கு செமஸ்டர் வரை மாணவர் ஒரு நிறுவனத்தில் வேலை பழகலாம். அதற்கு கிரெடிட் உண்டு, மார்க்‌ஷீட்டில் வரும், மாதா மாதம் உதவித்தொகையும் வரும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கையெழுத்து போடுவதற்கு முன் சில விஷயங்களைப் புரிந்துகொள்வது நல்லது.

இன்டர்ன்ஷிப்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அடையாறில் ஒரு ஸ்டார்ட்அப் உங்களை இரண்டு மாதம் இன்டர்னாக எடுத்தால், அது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான ஏற்பாடு. காசு தரலாம், தராமலும் இருக்கலாம். சர்டிபிகேட் ஒரு பி.டி.எஃப். ஆக மெயிலில் வரும், அவ்வளவுதான்.

அப்ரண்டிஸ் அப்படி இல்லை. 1961-ம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வருகிறவர். முதலில் ஐ.டி.ஐ. பசங்களுக்காக இருந்த சட்டம் அது. 1973 திருத்தத்தில் இன்ஜினீயரிங் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் சேர்ந்தார்கள். 2014 திருத்தம் இன்ஜினீயரிங் அல்லாத பட்டதாரிகளுக்கும் கதவைத் திறந்தது. படித்துக்கொண்டிருக்கும்போதே வருகிறவருக்கு 'டிகிரி அப்ரண்டிஸ்' என்று தனிப் பெயரே இப்போது விதிகளில் இருக்கிறது. மாணவர், நிறுவனம், கல்லூரி மூன்று தரப்பும் ஒப்பந்தத்தில் வர வேண்டும், அது அரசின் போர்ட்டலில் பதிவாக வேண்டும். பதிவு இல்லையென்றால், ஆபர் லெட்டரில் என்ன பெயர் போட்டிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் அப்ரண்டிஸ் இல்லை.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். 2024 அக்டோபரில் அது தொடங்கியபோதே முழுநேரமாகப் படிக்கிறவர்கள் விண்ணப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 21 முதல் 24 வயதுக்குள், படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்களுக்கானதாகத்தான் அது அப்போது தொடங்கியது.

காசு எவ்வளவு, யார் தருகிறார்கள்?

2019 விதிகளின்படி டிகிரி அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய். நாட்ஸ் என்று சொல்லப்படும் தேசிய அப்ரண்டிஸ்ஷிப் பயிற்சித் திட்டத்தில் இதில் பாதியை, அதாவது 4,500 ரூபாயை, மத்திய அரசு ஏற்கிறது. இந்தத் தொகை 36 சதவீதம் உயர வேண்டும் என்று மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் 2025 மே மாதம் பரிந்துரை செய்தது. 5,000 முதல் 9,000 வரை இருந்த அளவுகோல் 6,800 முதல் 12,300 வரை என்று மாற வேண்டும் என்பது அந்தப் பரிந்துரை. உங்கள் ஒப்பந்தத்தில் எந்தத் தொகை இருக்கிறது என்பதைக் கையெழுத்து போடும் நாளில் போர்ட்டலில் பார்த்துவிடுங்கள்.

9,000 ரூபாயில் மயிலாப்பூரில் ஷேரிங் ரூம் எடுத்து, மூணு வேளை சாப்பிட்டு, மாசக் கடைசி வரை தள்ள முடியுமா? வீட்டிலிருந்து வந்து போகிற சென்னைப் பையனுக்கு அது பாக்கெட் மணிக்கு மேல். திருவண்ணாமலையிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்து தங்கிப் படிக்கிற மாணவிக்கு அது பற்றாக்குறை. ஒரே தொகைதான், ஆனால் யார் அப்ரண்டிஸாக வர முடிகிறது என்பதை அதுவே ஓரளவு தீர்மானித்துவிடுகிறது. இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து.

நிறுவனங்களுக்கு என்ன லாபம்?

ஆர்வம் ஒரு பக்கம், கட்டாயம் இன்னொரு பக்கம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், ஒப்பந்த ஊழியர்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். 200 பேர் இருக்கும் தி.நகர் துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 30 பேர். எடுக்காவிட்டால் அபராதம் உண்டு. குறைகிற ஒவ்வொரு இடத்துக்கும் முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 500 ரூபாய், பிறகு 1,000 ரூபாய். இந்த அபராதத்தைப் பார்த்து எந்த முதலாளியும் தூக்கம் கெடப்போவதில்லை.

உண்மையான ஈர்ப்பு வேறு இடத்தில் இருக்கிறது. சட்டத்தின் 18-வது பிரிவு அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்கிறது. தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தாது. பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பயிற்சி முடித்தவர்களை எப்படி வேலைக்கு எடுப்போம் என்று நிறுவனம் தன் கொள்கையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதோடு 22-வது பிரிவு நின்றுவிடுகிறது. ஒரு பாதுகாப்பு தெளிவாக இருக்கிறது: பயிற்சியின்போது விபத்தில் காயம்பட்டால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும்.

ஆக, நல்ல நிறுவனத்துக்கு இது ஒரு வருடம் ஆளைப் பார்த்து, பழக்கி, பிறகு வேலைக்கு எடுக்கும் வழி. மோசமான நிறுவனத்துக்கு இது வருடா வருடம் ஆளை மாற்றி, பில் போடவும் துணி மடிக்கவும் சல்லிசாக ஆள் பிடிக்கும் வழி. இரண்டையும் ஒரே சட்டம் அனுமதிக்கிறது.

வெளியூரில் எப்படிச் செய்கிறார்கள்?

படிப்பையும் வேலையையும் மாற்றி மாற்றி வைக்கும் கோ-ஆப் முறை 1906-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில், ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியரின் யோசனையில், 27 மாணவர்களோடு தொடங்கியது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-லிருந்து இதை நடத்துகிறது. அங்கே நான்கு மாதம் வகுப்பு, நான்கு மாதம் வேலை என்று சுழலும். ஒரு மாணவர் டிகிரி முடிப்பதற்குள் பல நிறுவனங்களைப் பார்த்துவிடுவார்.

நம் ஊரிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஐந்து வருட சாண்ட்விச் பி.இ. ரொம்ப நாளாகவே நடக்கிறது. பிட்ஸ் பிலானி 1973-லிருந்து 'பிராக்டிஸ் ஸ்கூல்' என்ற பெயரில் மாணவர்களை நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. இதெல்லாம் பெரும்பாலும் இன்ஜினீயரிங் உலகம். கலை, அறிவியல் கல்லூரிக்கு இப்போதுதான் வருகிறது.

வாட்டர்லூவில் வேலை செய்கிற ஒரு விஷயம் சென்னையில் இடிக்கிறது. அது காலண்டர். தி.நகரில் ஆள் அதிகம் தேவைப்படுவது ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும். ஆடிட்டர் ஆபீஸில் மூச்சு முட்டுவது ஜூலை 31 வருமான வரிக் கெடுவிலும் செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் கெடுவிலும். நம் கல்லூரிகளின் ஒற்றைப்படை செமஸ்டரும் சரியாக இதே மாதங்களில்தான். அக்டோபர், நவம்பரில் இன்டர்னல், பிராக்டிகல், செமஸ்டர் தேர்வு எல்லாம் வரிசை கட்டும். அதனால் 'வாரத்துக்கு மூணு நாள் வேலை, மூணு நாள் வகுப்பு' என்று இரண்டையும் ஒட்டவைப்பதைவிட, ஒரு செமஸ்டரை முழுசாக வேலைக்கு விடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். சி.ஏ. மாணவர்களைக் கேட்டால் ஆபீஸையும் பரீட்சையையும் சேர்த்து இழுப்பதன் வலியைச் சொல்வார்கள். ஆர்ட்டிக்கிள்ஷிப் காலம் மூன்று வருடத்திலிருந்து இரண்டாக 2023-ல் குறைக்கப்பட்டது, படிப்பதற்கென்று தனியாக நேரம் வேண்டும் என்ற பழைய கோரிக்கைக்கும் ஒரு பதில்தான்.

சேருவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

கல்லூரி 'நிறுவனத்தோடு டை-அப் இருக்கு' என்றால், எந்த நிறுவனம், எத்தனை இடம் என்று எழுத்தில் கேளுங்கள். வகுப்பில் 60 பேர் இருந்து 15 இடம்தான் கிடைத்தால் மீதி 45 பேருக்கு அந்த செமஸ்டர் கிரெடிட் எங்கிருந்து வரும் என்பதையும் அட்மிஷன் போடும்போதே கேட்க வேண்டும். மூன்றாம் வருடத்தில் கேட்டுப் பயன் இல்லை.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியது, முதல் மாதம் என்ன வேலை, ஆறாவது மாதம் என்ன வேலை என்பது. இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அங்கே கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. கடையில் பில்லிங்கில் தொடங்கி, ஸ்டாக், கொள்முதல், கணக்கு என்று இடம் மாற்றுவார்களா? யாருக்குக் கீழே வேலை, மதிப்பெண் போடுவது யார்? போன பேட்சில் எத்தனை பேரை நிரந்தரமாக எடுத்தார்கள்? இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்களோ என்று தயங்க வேண்டாம். ஒழுங்காக நடத்துகிற ஹெச்.ஆர். உடனே பதில் சொல்வார்.

உதவித்தொகை பேங்க் அக்கவுண்ட்டில் வருகிறதா என்று முதல் மாதமே பாருங்கள். அரசின் பங்கு ஆதார் இணைத்த உங்கள் கணக்குக்கு நேராக வரும், நிறுவனத்தின் பங்கு தனியாக வரும். கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்றாலோ, சேர்வதற்கு 'டெபாசிட்' கேட்டாலோ, ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டாலோ யோசிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

புகார் சொல்ல இடம் தேடி டெல்லிக்கு எழுத வேண்டியதில்லை. தென் மாநிலங்களுக்கான அப்ரண்டிஸ்ஷிப் பயிற்சி வாரியம் தரமணி சி.ஐ.டி. வளாகத்தில்தான் இருக்கிறது. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் தரமணி ஸ்டேஷனில் இறங்கலாம். போகும்போது ஒப்பந்தப் பதிவு எண்ணும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் கையில் இருக்கட்டும்.