மொட்டை போடும் முன்னால்

பழனி அடிவாரத்தில் காலை வேளையில் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தாய்மாமன் மடியில் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. “இதோ ஆச்சுடா, முருகன் கிட்டே போகலாம்” என்று பாட்டி சமாதானம் சொல்கிறாள். சுருள் சுருளாக முடி விழுகிறது. சந்தனம் தடவியதும் தலை குளிர்ந்து அழுகை நிற்கிறது. அப்புறம் காது குத்து. மறுபடியும் கச்சேரி ஆரம்பம்!

அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் முடி காணிக்கைக்குக் கட்டணம் கூடக் கிடையாது. ஏழை, பணக்காரர் எல்லோரும் ஒரே மாதிரி முண்டிதமாய்த் திரும்புகிறார்கள்.

இந்தக் காட்சியில் மூன்று பேர் இருக்கிறார்கள்: குழந்தை, அதன் தாய், அவளுடைய சகோதரன். இந்த மூவரையும் மூன்று விதமாக நடத்துகிற ஒரு நோயைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்ல வந்தேன். “சுப காரியத்தின் நடுவே நோய்ப் பேச்சு எதற்கு?” என்று கோபிக்க வேண்டாம். விஷயம் தெரிந்தால், நீங்களே இன்னும் நாலு பேருக்குச் சொல்வீர்கள்.

நோயின் பெயர் ஹெப்படைடிஸ் பி. கல்லீரலில் குடியேறும் வைரஸ் கிருமியால் வருவது. உலகத்தில் 25 கோடிக்கு மேற்பட்டவர்களிடம் இது நிரந்தரமாகத் தங்கியிருக்கிறது. 2022-ம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் மட்டும் சுமார் 3 கோடிப் பேர். பலருக்குத் தங்களிடம் இது இருப்பதே தெரியாது.

முதலில் வயதைப் பார்ப்போம். நம் சாதாரண அறிவு என்ன சொல்லும்? பெரியவர்களைப் பிடித்த நோய் நீங்காது, குழந்தைக்கு வந்தது சீக்கிரம் போய்விடும் என்று சொல்லும். இங்கே கதை தலைகீழ்! வளர்ந்த 100 பேருக்கு இந்தக் கிருமி தொற்றினால், 95 பேருக்கு மேல் சில மாதங்களில் அதைத் துரத்திவிடுகிறார்கள். 1 முதல் 5 வயதுக் குழந்தைகளில் கால் பங்கிலிருந்து பாதிப் பேர் வரை அதைத் துரத்த முடியாமல் போகிறார்கள். பிறந்த சமயத்தில் தொற்றினாலோ, 100-க்கு 90 குழந்தைகளிடம் அது ஆயுள் முழுவதும் தங்கிவிடுகிறது.

காரணம் இதுதான். வளர்ந்தவர்களின் உடம்பு, வந்தவன் திருடன் என்று கண்டுகொண்டு சண்டை போடுகிறது. அந்தச் சண்டையில்தான் மஞ்சள் காமாலை வருகிறது. பச்சைக் குழந்தையின் உடம்புக்கு இன்னும் ஆள் அடையாளம் தெரியாது. திருடனையும் வீட்டு மனிதனாக எண்ணித் திண்ணையில் இடம் கொடுத்துவிடுகிறது. சண்டை இல்லை, ஆகவே காமாலையும் இல்லை. குழந்தை கொழுகொழுவென்று வளரும். முப்பது, நாற்பது வருஷம் கழித்துக் கல்லீரல் சுருங்கிப் போன பிறகோ, புற்றுநோய் கண்ட பிறகோதான் விஷயம் வெளியாகும்.

இனி, தாயின் கதைக்கு வாருங்கள். கர்ப்ப காலத்தில் ரத்தம் பரிசோதிக்கிறார்கள். ‘ஹெப்படைடிஸ் பி இருக்கிறது’ என்று சீட்டில் வருகிறது. உடனே வீட்டில் என்ன நடக்கும்? மாமியார் முகம் மாறும். கணவன் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் பார்வையால் கேட்பான்: “இது எங்கிருந்து வந்தது?” ரத்தத்தின் மூலமும் தாம்பத்திய உறவின் மூலமும் பரவும் நோய் என்று யாரோ அரைகுறையாகச் சொல்லியிருப்பார்கள். போதாதா, ஒரு பெண்ணின் மனத்தை நோகடிக்க?

மேலே சொன்ன கணக்கை இப்போது நினைத்துப் பாருங்கள். பெரியவளான பிறகு தொற்றியிருந்தால், 100-க்கு 95 பங்குக்கு மேல் அது தானாகவே போயிருக்கும். நெடுநாளாகத் தங்கியிருக்கிறது என்றால், பிறந்தபோதோ, தவழ்ந்த வயதிலோ வந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அறியாத வயதில் வந்ததற்கு அவளிடம் கணக்குக் கேட்பது என்ன நியாயம்? அந்தச் சீட்டு அவளுடைய நடத்தைக்குச் சாட்சி அல்ல. இதை ஒரு வீட்டு மாமியார் புரிந்துகொண்டாலும், நான் எழுதியதற்குப் பலன் கிடைத்தது என்பேன்.

அவள் வயிற்றில் இருக்கும் சிசுவைக் காப்பாற்றவும் வழி இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட வேண்டும். கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடுவார்கள். தாயின் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருந்தால், கடைசி மாதங்களில் அவளுக்கு மாத்திரையும் உண்டு. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

மூன்றாவது ஆள், மாமன். இங்கேதான் ஆண், பெண் வித்தியாசம் வருகிறது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே விதமாகத் தொற்றியிருந்தாலும், பிற்காலத்தில் அதிகம் துன்பப்படுவது பெரும்பாலும் தம்பிதான். கல்லீரல் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. “குடிக்கிறார்கள், வருகிறது” என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். குடி கெடுதல்தான், சந்தேகமில்லை. ஆனால் சொட்டு மது தொடாத ஆணையும் இது விடுவதில்லை. ஆண்களின் ஹார்மோன், இந்தக் கிருமி பெருகுவதற்குத் துணை போகிறது. பெண்களின் ஹார்மோன் அதற்குக் கடிவாளம் போடுகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு இந்தக் கடிவாளம் தளர்கிறது. ஆகவே ஐம்பதைத் தாண்டிய சகோதரிகளே, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள்.

ஆகவே, ஒரு பெண்ணுக்கு இருப்பதாகத் தெரிந்தால், அவளை மூலையில் உட்கார்த்தி வைப்பதை விட்டுவிட்டு, கூடப் பிறந்தவர்களையும் கணவனையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முக்கியமாக, “எனக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கேன்!” என்று சொல்லும் சகோதரனை! அவள் சீட்டு அவனுடைய உயிரையே காப்பாற்றக்கூடும்.

“கீழாநெல்லி இருக்கும்போது என்ன கவலை?” என்று பாட்டி கேட்பாள். நியாயமான கேள்விதான். சென்னையில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜனும், இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து இதைச் சோதித்து, 1988-ல் லான்செட் பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது; வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவரிடம்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. ஆகவே பாட்டியின் கஷாயத்தை நம்பி, டாக்டரின் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

தடுப்பூசியின் பெருமையைத் தைவானில் பாருங்கள். அங்கே 1984-ல் பச்சைக் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தார்கள். குழந்தைகளிடையே கல்லீரல் புற்றுநோயே குறைந்துவிட்டது! தமிழ்நாட்டில் 2011 டிசம்பர் முதல், 6, 10, 14-வது வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே இதுவும் அடக்கம். அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் போட்டுக்கொள்ளாமல் இருக்கக்கூடும். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

இப்போது மறுபடி பழனிக்குப் போவோம். உலர்ந்த ரத்தத் துளியில்கூட இந்தக் கிருமி ஏழு நாள் உயிரோடிருக்கும். ஆகவே மொட்டை அடிக்கு முன், புதுப் பிளேடை உங்கள் கண்ணெதிரே பிரித்து மாட்டச் சொல்லுங்கள். காது குத்தும் ஊசியும் அப்படியே. கேட்பதில் குற்றமில்லை; நல்ல தொழிலாளி கோபித்துக்கொள்ள மாட்டார். மாமனுக்கே இந்த நோய் இருந்தாலும், அவர் மடியில் குழந்தை தாராளமாக உட்காரலாம். தொடுவதாலும், முத்தமிடுவதாலும், ஒரே பந்தியில் சாப்பிடுவதாலும் இது பரவாது. அவர் சவரப் பிளேடை மட்டும் வேறு யாரும் தொட வேண்டாம்.

பயணத்துக்குப் பட்டுப் பாவாடை, கடுக்கன், சந்தனம் எல்லாம் மறக்காமல் எடுத்து வைப்பீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், அலமாரியில் இருக்கும் தடுப்பூசி அட்டையையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். மூன்று தவணையும் பதிவாகியிருந்தால், நிம்மதியாக மலை ஏறுங்கள். ஏதாவது விட்டுப் போயிருந்தால், முதலில் ஆஸ்பத்திரி, பிறகு அடிவாரம். ஆண்டவன் காத்திருப்பான்.