சோதிக்க இயலாத ஆடி

தம் கையாலேயே தொலைகாட்டி ஆக்க முற்படும் ஆர்வலர்க்கு ஒளியியல் வல்லார் சிலர் கூறும் அறிவுரையொன்று உண்டு. கூட்டுத் தெறிப்புத் தொலைகாட்டி வேண்டுமாயின் மரபுவழிக் கசெக்ரேனையே நாடுக; டால்–கேர்க்கம் அமைப்பு குறைபட்டது, அதனை விலக்குக என்பதே அது. தாளில் வரையப்பட்ட கதிர்களை மட்டும் நோக்கின் இக்கூற்றிற் பிழையில்லை. ஆனால் ஆடி தாளில் உருவாவதில்லை. கண்ணாடியிலே தேய்த்து உருவாக்கப்படுகின்றது.

மரபுவழிக் கசெக்ரேனின் முதலாடி குழிந்த பரவளைவு. துணையாடி குவிந்த அதிபரவளைவு. முன்னதைப் பூக்கோவின் கத்திமுனைச் சோதனையால், ஒரு சிறு விளக்கும் சவர அலகும் கொண்டே ஆராயலாம். பின்னதோ ஒளியை விரிப்பது. அச்சோதனைக்கு நேரே அடங்காது. அதனைச் சோதிப்பதற்கென்றே அதனினும் பெரிய கோள ஆடியொன்றைச் செய்தல் வழக்கம். இரண்டு ஆடிகள் கொண்ட கருவிக்கு மூன்றாவது ஆடியும் வேண்டியதாகின்றது.

1928இல் ஹொறஸ் டால் வகுத்த அமைப்பு இச்சிக்கலை அறுத்தது. இதில் துணையாடி வெறுங் கோளம். அதனைத் தேய்க்க உதவிய குழிந்த கண்ணாடியையே மெருகிட்டு, கத்திமுனையாற் சோதித்து, துணையாடியின்மேல் வைத்தால், இடையே தோன்றும் ஒளிப்பட்டிகள் குற்றங் குறைகளைக் காட்டிவிடும். நீள்வளைய முதலாடிக்கு வேண்டிய திருத்தமும் பரவளைவுக்கு வேண்டியதினும் குறைவே.

இவ்வமைப்புக்குக் குறையே இல்லையோ? உண்டு. நடுவைவிட்டு விலகிய விண்மீன்கள் வால்வெள்ளிபோல் நீளும். அகன்ற வான்பரப்பைப் படம்பிடிப்போர்க்கு இது ஏற்றதன்று. ஆயின், கோள்களையும் இரட்டை விண்மீன்களையும் ஆராய்வோர் அவற்றை நடுவில் நிறுத்தியே காண்கின்றனர். அவர்க்கு இக்குறையால் நேரும் இழப்பு யாது?

வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1663இல் யேம்ஸ் கிரகரி வெளியிட்ட கூட்டுத் தொலைகாட்டியின் ஆடிகளைச் செம்மையாக மெருகிட இலண்டன் கைவினைஞரால் இயலவில்லை. 1668இல் நியூற்றன் ஒரு கோள ஆடியும் ஒரு தள ஆடியும் கொண்டு இயங்கும் கருவியையே செய்து காட்டினார். 1990இல் விண்ணுக்கு ஏவப்பட்ட ஹபிளும் ஒரு கூட்டுத் தொலைகாட்டியே. சோதனைக் கருவியில் ஒரு வில்லை 1.3 மி.மீ. பிசகியதால் அதன் 2.4 மீற்றர் முதலாடி பிழையான வடிவத்திலேயே மெருகிடப்பட்டது. எளிய சோதனைகள் அப்பிழையைச் சுட்டியும் அவை பொருட்படுத்தப்படவில்லை.

பெருநிறுவனங்களுக்கே இவ்விடர் நேருமாயின், தனியொருவர் சோதிக்க இயலாத மேற்பரப்பை நாடுவது அறிவுடைமையாகுமா? செவ்வையான கோளம், செவ்வையற்ற அதிபரவளைவினும் மேலானது. ஆர்வலர்க்கு வழிகாட்ட முன்வருவோர் ‘எது சிறந்த அமைப்பு?’ என்று வினவுமுன், ‘எதனை இவர் சோதித்தறிய வல்லார்?’ என்று வினவுதல் வேண்டும்.