எந்தக் காலத்து மைதானத்தில்?

விழுப்புரத்தில் ஏறி திண்டிவனத்தில் இறங்குவதற்குள் ஒரு கால்பந்து வாக்குவாதம் முடிந்துவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். நாற்பது கிலோமீட்டர் கூட இல்லாத தூரம்தான். ஆனால் கல்லூரி விட்டு வரும் பிள்ளைகள் ஆளுக்கொரு 'ஆல் டைம் லெவன்' எழுதி, யாருடைய அணி ஜெயிக்கும் என்று ஆரம்பித்தால் இறங்கும்வரை தீராது, இறங்கிய பிறகு டீக்கடையில் தொடரும். "மச்சான், மெஸ்ஸி இல்லாம ஒரு டீமா?" என்று ஒருவன் கேட்பான். "பெலே ஆடின காலத்துல உன் மெஸ்ஸியை இறக்கு, பாக்கலாம்" என்பான் இன்னொருவன். இரண்டுமே நியாயமான பேச்சு. ஆனால் இருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். பேச்சு நீள்வதற்குக் காரணம் அதுதான். அந்தச் சிக்கலை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

உலகம் அறிந்த இரண்டு கனவு அணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1998-இல் அறிவிக்கப்பட்ட இருபதாம் நூற்றாண்டின் உலக அணியில் கோல்கீப்பர் லெவ் யாஷின். பின்வரிசையில் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ, பெக்கன்பவர், பாபி மூர், நில்டன் சாண்டோஸ். நடுவே குரைஃப், பிளாட்டினி, டி ஸ்டெஃபானோ. முன்னே கரிஞ்சா, பெலே, மரடோனா. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 டிசம்பரில், பாலன் டி'ஓர் விருதை வழங்கும் 'பிரான்ஸ் ஃபுட்பால்' பத்திரிகை ஒரு கனவு அணியை வெளியிட்டது. யாஷின், கஃபு, பெக்கன்பவர், மால்டினி, ஷாவி, மத்தேயஸ், பெலே, மரடோனா, மெஸ்ஸி, பிரேசிலின் ரொனால்டோ, போர்ச்சுகலின் கிறிஸ்டியானோ ரொனால்டோ.

இரண்டிலும் இருப்பவர்கள் நான்கே பேர்: யாஷின், பெக்கன்பவர், பெலே, மரடோனா. மற்ற ஏழு பேர் மாறிவிட்டார்கள். டி ஸ்டெஃபானோவோ கரிஞ்சாவோ இந்த இருபத்திரண்டு ஆண்டில் மோசமாக ஆடிவிடவில்லை. அவர்கள் ஆட்டத்தை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மாறியவர்கள் வாக்களித்தவர்கள். யாரை நேரில் பார்த்தார்கள், யாரைப் படமாகப் பார்த்தார்கள், யாரைப் பற்றிக் கேள்வி மட்டும் பட்டார்கள் என்பது மாறியிருக்கிறது. ஆகவே 1998 பட்டியலையும் 2020 பட்டியலையும் ஒப்பிடும்போது, ஆட்டக்காரர்களை மட்டும் ஒப்பிடுகிறோம் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. இரண்டு தலைமுறை ரசிகர்களின் ஞாபகத்தையும் சேர்த்தே ஒப்பிடுகிறோம். ஆசியாவையோ ஆப்பிரிக்காவையோ சேர்ந்த ஒருவர்கூட இரண்டிலும் இல்லை என்பதையும் இந்தக் கணக்கில் வைத்தே படிக்க வேண்டும்.

2020 அணியை இன்னொரு முறை படியுங்கள். பின்னால் மூன்று பேர், நடுவில் நான்கு பேர், முன்னால் மூன்று பேர். அந்த நடு நான்கில் பெலேயும் மரடோனாவும் நிற்கிறார்கள். எதிரணியிடமிருந்து பந்தைப் பிடுங்கும் வேலை அங்கே யாருடையது? பெரும்பாலும் மத்தேயஸ் ஒருவருடையது. முன்னால் நிற்கும் மூவரில் யாரும் பின்னால் ஓடிவந்து தடுப்பதற்காகப் பேர் வாங்கியவரல்லர். இப்படி அமைந்ததற்குக் காரணம், செய்தியாளர்கள் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக வாக்களித்தார்கள். கோல்கீப்பருக்கு ஒரு வாக்கு, வலது பேக்குக்கு ஒரு வாக்கு என்று எண்ணிச் சேர்த்ததில் பதினொன்று வந்தது. அந்தப் பதினொரு பேரையும் ஒன்றாக மனதில் நிறுத்தி, இவர் இருப்பதால் அவர் வேண்டும் என்று யோசித்து யாரும் அந்த அணியைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது சிறந்தவர்களின் பட்டியல். அதைக் குறை சொல்ல மாட்டேன், பட்டியலுக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் 'எந்த அணி ஜெயிக்கும்' என்ற கேள்வியை ஒரு பட்டியலிடம் கேட்க முடியாது. ஜெயிப்பதும் தோற்பதும் அணிக்குத்தான்.

அணி என்றால் என்ன என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டத்தில் இந்தியா, தென் கொரியாவை எதிர்கொள்கிறது. அதே தொடரின் தொடக்கத்தில் இதே தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்ற அணி அது. பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். அவருடைய தலைசிறந்த ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தொடரின் நடுவே தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. இறுதி ஆட்டத்தில் ரஹீம் அவரைப் பின்வரிசையில் நிறுத்தவில்லை, சென்டர் ஃபார்வர்டாக முன்னே அனுப்பினார். காய்ச்சலில் இருந்து மீண்ட பீட்டர் தங்கராஜ், பிரத்யுத் பர்மன் காத்துவந்த கோல் கம்பங்களுக்கு நடுவே மறுபடி வந்து நின்றார். ஆட்டம் தொடங்கி இருபது நிமிடத்துக்குள் பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. இந்தியா 2-1 என்று வென்றது.

இடம் இடமாக வாக்களித்து அந்த அணியைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஜர்னைல் சிங்கை யாராவது சென்டர் ஃபார்வர்ட் இடத்தில் எழுதியிருப்பார்களா? ரஹீம் எழுதினார். எதிரே யார் நிற்கிறார்கள், தன் ஆட்களில் யாருக்கு என்ன வலி, அன்றைக்கு என்ன தேவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கனவு அணி எழுதுபவர் ஒரு நிமிடமாவது ரஹீமின் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

இனி விதிகள். கால்பந்து என்ற பெயர் மாறவில்லை, ஆட்டம் பலமுறை மாறிவிட்டது. 1925 வரை ஆஃப்சைடு ஆகாமலிருக்க எதிரணியில் மூன்று பேராவது கோல் கோட்டுக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவே இருக்க வேண்டும். பிறகு அது இரண்டானது. உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரரை இறக்க அனுமதி வந்ததும் மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்ததும் 1970-இல். அதற்கு முன் ஒருவருக்குக் கால் பிசகினால் நொண்டிக்கொண்டே ஆடுவார், இல்லையென்றால் பத்துப் பேரோடு ஆட்டம் தொடரும். இன்று ஐந்து பேரை மாற்றலாம். சக ஆட்டக்காரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-இல் வந்தது. 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் கால்பந்து ஆட்டத்தின் நேரமே 80 நிமிடம். பந்தும் வேறு: மழையில் நனைந்து கனத்துப்போகும் தோல் பந்தில் ஆடியவர்கள் ஒரு காலம், செயற்கைப் பந்தில் ஆடுகிறவர்கள் ஒரு காலம்.

நம்மவர்கள் காலணி இல்லாமலே ஆடிய காலமும் உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 1-2 என்று தோற்ற ஆட்டத்தில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டி வாய்ப்புகள் அன்று வீணாயின. நான்கு ஆண்டுக்குப் பிறகு ஹெல்சின்கி குளிரில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்ற பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று ஆனது. ராமனை இன்றைய ஆட்டத்தில் இறக்கினால் திணறுவார் என்று சொல்பவர், இன்றைய ஃபார்வர்டு ஒருவரை வெறுங்காலோடு லண்டனில் இறக்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆக, இரு அணிகள் மோதட்டும் என்று சொல்வதற்கு முன்னால் எந்த ஆண்டின் விதியில், எந்தப் பந்தில், எத்தனை மாற்று ஆட்டக்காரர்களோடு என்று தீர்மானித்துவிடுங்கள். பாதி சண்டை அங்கேயே தீரும்.

மீதிப் பாதி எண்ணிக்கையால் வருகிறது. சுனில் சேத்ரி 2024 ஜூனில் ஓய்வு பெற்றபோது இந்தியாவுக்காக 94 கோல் அடித்திருந்தார். மறு ஆண்டு திரும்பி வந்து இன்னொன்றும் சேர்த்தார். இருபது ஆண்டு உழைப்பின் எண் அது. அதைக் குறைத்துப் பேசுபவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசோசா அடித்தது நான்கே கோல். அதில் மூன்று ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, ஒரே ஆட்டத்தில். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவர் அடித்த முதல் ஹாட்ரிக் அது. அந்த 4-2 வெற்றி இந்தியாவை அரையிறுதிக்குக் கொண்டுபோனது, நான்காவது இடத்தில் தொடர் முடிந்தது. அந்தக் காலத்தில் இந்திய அணிக்கு ஆண்டுக்கு ஒரு சில சர்வதேச ஆட்டங்கள் கிடைத்தாலே அதிகம். 95-ஐயும் நான்கையும் ஒரே தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தத் தராசே இங்கே பொருந்தாது. நீண்ட கால உழைப்பு ஒரு அளவு, உச்சத்தில் எட்டிய உயரம் வேறொரு அளவு. எதைக் கொண்டு அளக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் சேத்ரியும் டிசோசாவும் ஒருவரையொருவர் தள்ளிவிட வேண்டியதே இல்லை.

இங்கே எனக்கு உள்ளபடியே ஒரு வருத்தம் உண்டு. நம் பிள்ளைகள் எழுதும் இந்திய அணிகளில் தங்கராஜின் பெயரை அநேகமாகப் பார்க்க முடிவதில்லை. ஹைதராபாத்தில் பிறந்து, நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் ராணுவ அணிக்கு ஆடியவர். அந்த மையம் 1955-இலும் 1958-இலும் டியூராண்ட் கோப்பையை வென்றது. மெல்போர்ன், ரோம் என இரண்டு ஒலிம்பிக் அணிகளில் இருந்தவர், 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பேரெடுத்தவர், 1967-இல் அர்ஜுனா விருது பெற்றவர். அவர் பாய்ந்து பிடித்த பந்துகள் கைப்பேசியில் தேடினால் எளிதில் கிடைக்கும் காட்சிகளாக இல்லை. படம் இல்லாதவர் பட்டியலிலும் இல்லாமல் போகிறார். அவரை மதிப்பிட ஒரே நேர்மையான வழி, அவர் காலத்தில் அவரோடு ஆடியவர்கள் நடுவே எவ்வளவு உயர்ந்து நின்றார் என்று கேட்பது. 1960 ஆகஸ்டில் ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சோடு 1-1 என்று சமன் செய்ததே, அந்த ஒரு ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். பிரான்சோடு அன்று மோதிய ஒலிம்பிக் அணியின் கோல்கீப்பர் தங்கராஜ். தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தர்ராஜும் அந்த ஒலிம்பிக் அணியில் இருந்தார்.

எல்லை வகுப்பதிலும் கவனம் வேண்டும். 'நம்ம ஊர் ஆல் டைம் லெவன்' என்று எழுதுகிறீர்கள். நம்ம ஊர் எது? விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல். அதற்கு முன் நாமெல்லாம் தென்னார்க்காடு. பழைய தென்னார்க்காடு என்று கோடு போட்டால் நெய்வேலியில் பிறந்த எட்வின் சிட்னி வான்ஸ்பால் நம் அணி. சென்னை சிட்டி 2018-19 ஐ-லீக் கோப்பையை வென்றபோது அதில் ஆடியவர். கடலூரின் கால்பந்து வீராங்கனை இந்துமதி கதிரேசனும் நம் அணி. இன்றைய விழுப்புரம் மாவட்டம் என்று கோடு போட்டால் இருவரும் வெளியே. தங்கராஜைத் தமிழ்நாட்டுக் கணக்கில் சேர்ப்பதா என்பதும் பிறந்த ஊரைப் பார்க்கிறோமா, ஆடிய அணியைப் பார்க்கிறோமா என்பதைப் பொறுத்தது. இந்துமதியின் பெயரைச் சொன்னதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு மகளிர் 2018-இல் மணிப்பூரையும் 2023-இல் ஹரியாணாவையும் வென்று தேசியப் பட்டம் பெற்றவர்கள். அவர்களை யோசிக்காமலே ஒரு பட்டியலுக்கு 'தமிழ்நாட்டின் எக்காலச் சிறந்த அணி' என்று தலைப்பு வைத்தால் தலைப்பு பொய்யாகிறது. ஆடவர் அணி என்றால் அப்படியே எழுதுங்கள்.

பெற்றோர் சிலருக்கு ஒரு குழப்பம் இருக்கிறது, அதையும் தெளிவாக்கிவிட வேண்டும். இந்தக் கனவு அணி விளையாட்டும், கைப்பேசியில் பணம் கட்டி நாளைய ஆட்டத்துக்கு அணி அமைத்துப் புள்ளி சேர்க்கும் 'ஃபேன்டஸி' விளையாட்டும் ஒன்றல்ல. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்தது. டீக்கடையில் தாளில் எழுதும் ஆல் டைம் லெவனில் பணமும் இல்லை, அதனால் கெடுதியும் இல்லை. பிள்ளைகளை விடுங்கள், எழுதட்டும்.

நானும் எழுதிப் பார்த்தேன், இரண்டு தாள்களில். முதல் தாளில் தலைப்பு: இந்திய ஆடவர் அணி, 1962 விதிகள், மாற்று ஆட்டக்காரர் கிடையாது, 4-2-4. அந்த விதியில் இரண்டு இடத்தில் நிற்கத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு. அதனால் ஜர்னைல் சிங்கும், எங்கே நிறுத்தினாலும் ஆடிய யூசுஃப் கானும் முதலில் வந்தார்கள். முன்வரிசையில் பி.கே., சுனி கோஸ்வாமி, பலராம், அவர்களோடு சேத்ரி. இரண்டாவது தாளில் இன்றைய விதிகள், ஐந்து மாற்று. அங்கே யூசுஃப் கானுக்கு முதல் பதினொன்றில் இடம் கிடைக்கவில்லை. கடைசி அரைமணி நேரத்துக்கென்று ஐ.எம். விஜயனை வெளியே உட்கார வைக்க முடிந்தது.

கோல்கீப்பர் இடத்தில்தான் நெடுநேரம் நின்றேன். இன்றைய விதியில் அவர் காலாலும் ஆட வேண்டும். பந்தைக் காலில் வாங்கி, நெருக்கி வரும் ஆளைப் பார்த்து, தன் ஆளுக்குத் தர வேண்டும். அறுபது ஆண்டுக்கு முந்தைய ஒருவரை அங்கே நிறுத்துவது நியாயமா என்று தயங்கினேன். பிறகு நினைவுக்கு வந்தது: தங்கராஜ் கால்பந்து ஆட வந்தபோது கோல்கீப்பராக வரவில்லை, சென்டர் ஃபார்வர்டாக வந்தார். இரண்டாவது தாளிலும் அவர் பெயரையே எழுதினேன்.